700 கிலோமீட்டர் மிதிக்க உடம்பு எப்படித் தயாராகிறது?

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலை வழியாகச் சுமார் 700 கிலோமீட்டர். ஒரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ நிதி திரட்ட இந்த வழியில் சைக்கிளில் கிளம்பும் ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். பந்தய வீரர்கள் இல்லை, அலுவலகம் போய் வருகிறவர்கள். நாளுக்கு 100 கிலோமீட்டர் என்று ஏழு நாளுக்குத் திட்டம். "அவ்வளவு தூரம் மிதிக்கக் காலில் பலம் இருக்குமா?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கவலை.

உண்மையில் பலம் அவ்வளவு தேவையில்லை. சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகப் பெடலில் சுமார் 75 முதல் 100 வாட் கொடுத்தால் போதும். விறுவிறுவென்று மாடிப்படி ஏறுவதற்கு இதைவிட அதிகம் வேண்டும். ஆளைப் பாதி வழியில் இறக்கிவிடுவது பெரும்பாலும் சாப்பாடும் வெயிலும் சீட்டும்தான். தயாரிப்பு என்றால் இவற்றுக்கு உடம்பைப் பழக்குவது.

சாப்பாட்டிலிருந்து தொடங்கலாம். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜனாக மாற்றிச் சேமிக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். மொத்தமாக 2,000 கிலோ கலோரிக்குப் பக்கம். அந்த 100 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் மிதிக்க ஆகும் செலவும் ஏறக்குறைய அவ்வளவுதான். நிதானமாகப் போனால் அதில் பாதி அளவுக்குக் கொழுப்பிலிருந்து வந்துவிடும். வேகம் கூடக் கூட உடம்பு கிளைகோஜனையே அதிகம் எடுக்கும். சேமிப்பு ஒரு நாள் செலவுக்கு ஏறக்குறைய ஈடாக இருப்பதால், முதல் நாள் உற்சாகத்தில் பாய்ந்து போனவர்கூட எப்படியோ ஊர் சேர்ந்துவிடுவார். சிக்கல் இரண்டாம் நாள் காலையில்தான் தெரியும். ராத்திரிக்குள் கிளைகோஜன் திரும்ப நிரம்பாமல் போயிருந்தால் கால் ஈயமாகக் கனக்கும்.

இது எப்படி நிரம்புகிறது என்பதைக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. 1966-இல் ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள். ஒரே உடற்பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக இருந்துகொண்டு, ஒவ்வொருவரும் ஒற்றைக் காலால் மட்டும் களைத்துப்போகும் வரை மிதித்தார்கள். மற்ற காலுக்கு முழு ஓய்வு. அப்புறம் மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. ஊசியால் இரு தொடைகளிலிருந்தும் துளித் தசையை எடுத்துப் பார்த்தபோது, மிதித்த காலில் கிளைகோஜன் மற்ற காலைப்போல இரண்டு மடங்கு சேர்ந்திருந்தது. ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, ஒரே ரத்தம். ஆனாலும் வேலை செய்து காலியான தசை மட்டும் சர்க்கரையை அள்ளிக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று, அவ்வளவு எளிமை!

இந்த அள்ளிக்கொள்ளும் வேகம் மிதித்து முடித்த முதல் இரண்டு மணி நேரத்தில் மிக அதிகம். ஆகவே ஊர் சேர்ந்ததும் குளியல், தூக்கம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. சைக்கிளைச் சாத்தியதும் சோறோ இட்லியோ வயிற்றுக்குள் போக வேண்டும்.

பயிற்சி என்ன செய்கிறது? 1967-இல் அமெரிக்காவில் ஜான் ஹோலோசி எலிகளை வாரக்கணக்கில் ஓடவைத்து, அவற்றின் தசைகளில் மைட்டோகாண்ட்ரியாவின் செயல்திறன் இரு மடங்கு ஆனதைக் காட்டினார். ஆக்சிஜனைக் கொண்டு கொழுப்பை எரிக்கும் இடம் அதுதான். அது பெருகப் பெருக, அதே வேகத்தில் கொழுப்பிலிருந்து அதிகம் வரும், கிளைகோஜன் மிஞ்சும். இதற்கு, பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே மிதிக்கும் அளவு வேகம் போதும், நேரம்தான் நீள வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கி, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது நல்லது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து மிதிப்பதை நான் முக்கியமாகச் சொல்வேன். முழுதாக நிரம்பாத தசையோடு கிளம்பும் அனுபவம் அதில்தான் கிடைக்கும்.

வழியிலும் சாப்பிட வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது வழக்கமான கணக்கு. குடலில் குளுக்கோஸுக்கு ஒரு வாசல், ஃப்ரக்டோஸுக்கு வேறு வாசல். இரண்டும் கலந்து வந்தால் அதிகம் உள்ளே போகும். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் இருக்கும் சுக்ரோஸ் செரிக்கும்போது இந்த இரண்டாகத்தான் பிரிகிறது. மதுரை தாண்டிக் கோவில்பட்டி வழியாகப் போகும்போது கடலை மிட்டாய் வாங்காமல் யாரும் வரப்போவதில்லை. ஆனால் கடலையின் கொழுப்பு வயிற்றை விட்டு மெதுவாகத்தான் நகரும். மேட்டில் ஏறும் முன் வாழைப்பழம் மேல்.

இனி வெயில். தசைக்குக் கிடைக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குகூடப் பெடலுக்குப் போவதில்லை, மீதி சூடாகிறது. 90 வாட் மிதித்தால் 300 வாட்டுக்கு மேல் சூடு உடம்பிலேயே கிளம்பும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். கணக்குப்படி மணிக்கு அரை லிட்டர் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் புழுக்கத்தில் அந்தக் கணக்கு உடைந்துவிடும். சொட்டி விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, ஆவியாவது மட்டுமே குளிர்விக்கும். அதனால் உடம்பு இன்னும் இன்னும் வியர்க்கிறது.

பத்துப் பதினான்கு நாள் வெயிலில் பழகினால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. குளிர்சாதன அறையில் உடற்பயிற்சி சைக்கிள் மட்டும் மிதித்தவருக்கு இது முழுதாகக் கிடைக்காது. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்க் குழப்பமும் வலிப்பும்கூட வரலாம். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, அது மட்டும் போதாது. கூட வருகிறவர் பேச்சு குழறினாலோ தடுமாறினாலோ அங்கேயே நிறுத்தி, நிழலில் உடம்பை நனைத்துக் குளிர்வித்து, உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். வசூல் செய்த பணத்துக்காக முடித்தே தீர வேண்டும் என்ற நினைப்பு அந்த நேரத்தில் உயிருக்கே வினை.

பயணத்துக்கு மாதம் தேர்வு செய்வதும் இதில் சேரும். ஜனவரியில் வெயில் தணிந்திருக்கும், வடகிழக்குக் காற்று பெரும்பாலும் முதுகுப் பக்கம் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவருக்கு அதே வேகத்தில் எதிர்க்காற்று வந்தால் தடை நாலு மடங்கு. கன்னியாகுமரியை நெருங்கும்போது காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி பக்கம் திரும்பினால், முப்பந்தலில் காற்றாலைகளை ஏன் அங்கே நட்டார்கள் என்பது முழங்காலுக்குத் தெரியும். அங்கே ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிப் போவதும், முன்னால் போகிறவர் மாறிக்கொண்டே இருப்பதும் பெரிய உதவி.

சீட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெத்தென்ற சீட்டைத்தான் எல்லோரும் தேடுவார்கள். உட்காரும்போது எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். மெத்தையில் அவை புதைந்தால் நடுவிலுள்ள மென்மையான பகுதி அழுந்தி, நரம்பு மரத்துப்போகும். எலும்பு முனைகளின் அகலத்துக்கு ஏற்ற, ஓரளவு கெட்டியான சீட்டே நெடுந்தூரத்துக்குச் சரி. பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும் உயரத்தில் அதை வைக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், உயர்ந்திருந்தால் பின்பக்கம். சுண்டுவிரல் மரத்தால் ஹேண்டில்பாரில் எடை கூடிவிட்டது என்று பொருள்.

இந்த மாற்றங்களையெல்லாம் ஒரு மாதம் முன்பே செய்து முடித்துவிட வேண்டும். கடைசி வாரம் புதிதாக எதையும் மாட்டாமல், தூரத்தைப் பாதியாகக் குறைத்து, சோற்றைக் குறைக்காமல் இருந்தால் தசை நிரம்பிய நிலையில் கிளம்பலாம்.