வீட்டுத் தரகரைத் தேர்ந்தெடுக்க ரெரா சட்டம் தரும் பிடிமானம்

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ வீடு தேடுகிறோம் என்று நாலு பேரிடம் சொன்னால் போதும், தரகர் ஒருவர் வந்துவிடுவார். அவர் காட்டும் வீட்டைப் பார்க்கக் கிளம்பும் முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "உங்கள் ரெரா பதிவு எண் என்ன?"

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி (சுருக்கமாக ரெரா; அதை நடத்தும் ஆணையத்தையும் அப்படியே அழைக்கிறோம்), ரெராவில் பதிவான திட்டத்தில் மனையோ அடுக்குமாடி வீடோ விற்றுத்தர, முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயர்ப்பலகை வைத்த அலுவலகம் நடத்துபவர் மட்டுமல்ல. வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்துக் கமிஷன் பெறும் எவரும் சட்டத்தின் கண்ணில் முகவரே. ஒவ்வொரு விற்பனையிலும் அவர் தம் எண்ணைக் குறிப்பிட வேண்டும். அந்த எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

பதிவு பெற வேண்டிய திட்டம் பதிவாகாமல் இருந்தால் அதை அவர் விற்றுத்தரக் கூடாது. முன்பதிவின்போது உங்களுக்கு உரிய ஆவணங்கள் அனைத்தும் கிடைக்கச் செய்வதும் அவர் கடமை. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம். கட்டுநரும் பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. "இன்றே கால்வாசி கட்டினால்தான் இந்த மனை" என்று அவசரப்படுத்தும் தரகரை அப்போதே விட்டுவிடுங்கள்.

ஆனால் டெல்டா ஊர்களில் பெரும்பாலும் கைமாறுவது பழைய வீடுகள். மறுவிற்பனை வீட்டுக்கும், 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் எழும் சிறு திட்டத்துக்கும் இந்தப் பாதுகாப்பு வராது. அங்கே தரகரின் நேர்மையை அளக்க நான் நம்பும் கேள்வி: "அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம், யாருடையது?"

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு ஒருவருடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவும் இருப்பது இங்கே சாதாரணம். "கட்டடத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், கோயிலுக்கு மாத வாடகை கட்டினால் போதும்" என்பார்கள். அறநிலையத் துறைச் சட்டத்துக்கு உட்பட்ட கோயிலின் நிலத்தை உரிய அனுமதி இல்லாமல் விற்கும் பத்திரத்தைப் பதிவு செய்ய, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை விதிக்கிறது. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்த பிறகும் மண் உங்களுடையதாகாது. எனவே சர்வே எண்ணை வாங்கி, வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்; கோயில் நிர்வாகத்திடமும் நேரில் கேளுங்கள். சர்வே எண்ணைத் தர மழுப்பும் தரகர் வேண்டாம்.

கமிஷன் எவ்வளவு என்று ரெரா சட்டம் வரையறுக்கவில்லை. இருபுறமும் வாங்குகிறாரா என்பதை முதலிலேயே கேட்டு, தொகையையும் எப்போது தர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். இருபுறமும் வாங்குபவரிடம் விலையைக் குறைத்துப் பேசும் பொறுப்பை ஒப்படைக்காதீர்கள். பத்திரங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் உங்கள் ஆளாக இருக்கட்டும். வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுகளுக்காவது அவர் பார்க்க வேண்டும்.

ரெரா திட்டத்தில் முகவர் பொய் சொல்லி விற்றிருந்தால், சட்டத்தின் 31-ஆம் பிரிவின் கீழ் அவர் மீதே ஆணையத்தில் புகார் செய்யலாம். அதற்காக விளம்பரத் துண்டறிக்கை, ரசீது, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.