சுருளில்லாத பல்பு

பல்லடத்தில் விசைத்தறி ஓட்டும் வாசகர் கேட்டிருந்தார்: "ஏனுங்க, டெஸ்டர் பல்புக்குள்ளாற சுருளையே காணோமுங்களே, அப்பறம் எதுங்க எரியுது?"

எரிவது வாயு. குறைந்த அழுத்தத்தில் நியான், நடுவே ஒன்றையொன்று தொடாத இரண்டு கம்பிகள். வேகமெடுத்த எலெக்ட்ரான்கள் நியான் அணுக்களை மோத, ஆரஞ்சு வெளிச்சம் வருகிறது. பள்ளியில் படித்ததுதான். ஆனால் உற்றுப் பாருங்கள்: ஏசியில் இரண்டு கம்பியும் மினுங்கும். டிசியில் மைனஸ் முனைக் கம்பி மட்டுமே.

இதே பல்பை முடியளவு துளைக்குள் அடக்கி, ஒரே தகட்டில் ஆயிரக்கணக்கில் மலிவாகச் செய்ய முடியுமா? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கேரி ஈடனின் குழு அலுமினியம் ஃபாயிலிலேயே செய்து காட்டியது. வாயு எந்த வோல்ட்டில் பற்றும் என்பது அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது. 1889-ல் பாஷன் கண்ட விதி இது. இடைவெளி சிறுத்தால் அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

சிக்கல் வேறு இடத்தில். பற்றிய வாயுவில் மின்தடை சரிந்துவிடும். முதலில் பற்றிய துளையே கரண்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் டியூப்லைட்டுக்குச் சோக், டெஸ்டருக்குள் ரெசிஸ்டர். ஆயிரம் துளைக்கு ஆயிரம் சோக் வைப்பதா?

விடை அனோடைசிங் தொட்டியில் இருக்கிறது. கோவையில் ஜன்னல் சட்டங்களை அமிலத்தில் தொங்கவிட்டு, நேர்முனையில் இணைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்களே, அதே வேலை. மேலே பூசும் பூச்சல்ல அது. அலுமினியமே ஆக்சைடாக மாறி வளர்கிறது. துளையிட்ட ஃபாயிலை அதில் முக்கினால் எல்லாத் துளைச் சுவர்களிலும் ஒரே சமயத்தில் மின்கடத்தாப் படலம் ஏறிவிடும். உள்ளே மிஞ்சும் உலோகமே மின்முனை, அதுவே வயரிங். பட்டறைத் தொட்டியும் கைப்பழக்கமும் நம்மிடம் இருக்க, நம் கல்லூரி மாணவர்களுக்கு இதில் ஆய்வுப் பணம் கிடைக்காதது எனக்குத் தாங்கவில்லை. வீட்டு வெளிச்சத்துக்கு எல்இடி போதும். ஆனால் இந்தத் துளைகளில் கிரிப்டானும் குளோரினும் கலந்து நிரப்பினால் 222 நானோமீட்டரில் கிருமி கொல்லும் புற ஊதா ஒளி கிடைக்கும்.

இனி அந்தச் சுவர் செய்யும் வேலை. ஏசி கொடுத்ததும் துளைக்குள் வாயு பற்றுகிறது. ஓடிவரும் மின்னூட்டங்கள் படலத்தைத் தாண்ட முடியாமல் அதன் மேலேயே படிகின்றன. படியப் படிய, வெளியிலிருந்து வரும் மின்புலத்தை எதிர்க்கின்றன. விளக்கு தானே அணைகிறது. திசை மாறி அடுத்த அரைச்சுற்று வரும்போது, எதிர்த்த அதே மின்னூட்டங்கள் இப்போது கூடவே நின்று தள்ள, துளை மறுபடி பற்றுகிறது. ஒவ்வொரு துளைக்கும் அதன் சுவரே சோக்.