பவளம் வெளுக்கிறதா? கால்சியம் பாட்டிலைக் கீழே வையுங்கள்

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் பவள உயிரி வெளுத்துப்போனதென்று படம் அனுப்பி உதவி கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "காரத்தன்மை எவ்வளவு?" என்பதுதான். பதிலாக வருவது பெரும்பாலும் கால்சியத்தின் அளவு. "கால்சியம் 440 இருக்கிறது அண்ணா, பிறகு ஏன் சாகிறது?"

சிங்கப்பூரில் வீடுகளிலும் அலுவலகங்களிலும் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். இந்த மாதம் செங்காங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். அருமையான விளக்கு, கழிவை நுரையாக்கி நீக்கும் நல்ல ஸ்கிம்மர், நீரைக் குளிர்விக்கும் சில்லர், ஏராளமாகப் பணம் போட்டு வளர்த்த அக்ரோபோரா என்ற கல்பவளத்தின் கிளைகள். எல்லாம் அடியிலிருந்து தோலுரிந்து மேலே வந்துகொண்டிருந்தன. கால்சியம் 520 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). காரத்தன்மையோ வெறும் 5.4 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு). வீட்டுக்காரர் அன்று காலையிலும் கால்சியம் ஊற்றியிருக்கிறார். இதே கதையை எத்தனை வீடுகளில்தான் பார்ப்பது?

"கல்பவளத்தின் எலும்புக்கூடு கால்சியத்தால் ஆனது, ஆகவே கால்சியம் கொடுத்தால் வளரும்" என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் காரணம். பாதி உண்மை. எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அந்தக் கார்பனேட் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. அது நீரின் காரத்தன்மையிலிருந்து வருகிறது. நான் சொல்வது பிஹெச் அல்ல; நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு. கடையில் கேஹெச் என்று கேட்டால் அதற்கான சோதனைப் பெட்டியைத் தருவார்கள்.

கணக்கைப் பாருங்கள். இயற்கைக் கடல்நீரில் கால்சியம் ஏறத்தாழ 410 முதல் 420 பிபிஎம். காரத்தன்மை 7 டிகேஹெச்சை ஒட்டி. பவளம் எலும்புக்கூட்டைக் கட்டும்போது 2.8 டிகேஹெச் குறைந்தால் கால்சியம் 20 பிபிஎம்தான் குறையும். பவளம் நிறைந்த தொட்டி ஒன்று நாளொன்றுக்கு அரை டிகேஹெச் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எதுவும் சேர்க்காவிட்டால் ஆறு நாளில் காரத்தன்மை 8இலிருந்து 5க்கு இறங்கிவிடும். அதே ஆறு நாளில் கால்சியம் 420இலிருந்து 400 வாக்கில் வந்து நிற்கும். வீட்டுச் சோதனைப் பெட்டியில் அந்த 20ஐக் கண்டுபிடிப்பதே கடினம். "கால்சியம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று நிம்மதியாக இருப்பீர்கள். பவளமோ கட்டுமானத்தை நிறுத்தி, சதையை இழக்கத் தொடங்கியிருக்கும். வீட்டில் அரிசி மூட்டை நிறைய இருக்கிறது, விறகுதான் தீர்ந்துவிட்டது. சோறு வேகவில்லை என்று இன்னொரு மூட்டை அரிசி வாங்குவது போன்றதுதான் இது.

கிளைகளின் நுனி வெள்ளையாக இருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அக்ரோபோராவுக்கு நுனி வெளிறியிருப்பது பெரும்பாலும் வளர்ச்சியின் அடையாளம். பயப்பட வேண்டியது அடியில் தோன்றும் வெள்ளைக்கு.

அப்படியானால் ஆப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றிவிடலாமா? ஊற்றலாம், ஆனால் பொறுமையாக. 100 லிட்டர் நீரில் காரத்தன்மையை 1 டிகேஹெச் உயர்த்த ஏறத்தாழ 3 கிராம் சோடியம் பைகார்பனேட் போதும். அதையும் ஆர்ஓ நீரில் கரைத்து, நீரோட்டம் வேகமாக இருக்கும் இடத்தில், ஒரே மூச்சில் கொட்டாமல் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஒரு நாளில் 1 டிகேஹெச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். நோயுற்ற பவளமென்றால் அதில் பாதி. 5.4ஐ ஒரே இரவில் 9 ஆக்கியவர்களின் தொட்டிகளையும் பார்த்திருக்கிறேன். காலையில் மிச்சமிருந்த சதையும் போயிருந்தது. கால்சியம் 500ஐத் தாண்டியிருக்கும்போது காரத்தையும் வேகமாகச் சேர்த்தால் நீர் பால்போல் வெளுக்கும். இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்து பம்புகளை இறுக்கிவிடும். மெக்னீசியம் 1,300 பிபிஎம்மை ஒட்டி இருந்தால் இந்தப் படிவு எளிதில் நிகழாது. ஆகவே அதையும் மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

காரத்தன்மையை வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒரே நேரத்தில் சோதியுங்கள். பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு உண்டு. 7.5க்கும் 9க்கும் இடையில் எதுவானாலும் சரி, அது அசையாமல் இருப்பதுதான் முக்கியம். இன்னொன்று: உப்புப் பொடியின் பிராண்டை மாற்றினால், கலக்கிய நீரைத் தொட்டியில் ஊற்றும் முன் சோதித்துவிடுங்கள். சில உப்புகள் 7 தரும், சில 11க்கு மேலும் தரும்.

அடுத்த தொல்லை, "நைட்ரேட் பூச்சியம், பாஸ்பேட் பூச்சியம்" என்று பெருமைப்படுவது. பூச்சியத்தில் பவளம் பட்டினி கிடக்கிறது. வெளிறிப்போகும், டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற நுண்ணுயிரிகள் பழுப்பு நிறச் சளிபோல் மணலை மூடும். அந்த நிலையில் காரத்தையும் உயர்த்தினால் நுனிகள் கருகும். நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கட்டும். அதற்கு மீனுக்குத் தாராளமாக உணவிடுங்கள்.

குழாய்நீரை வாளியில் இரண்டு நாள் வைத்திருந்து பயன்படுத்துகிறேன் என்று இன்னும் சொல்கிறார்கள். இங்கே குழாய்நீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்த்திருப்பது குளோரமைன். அது அப்படிப் பறந்துபோகாது. கார்பன் வடிகட்டியுள்ள ஆர்ஓடிஐ கருவி (ஆர்ஓவுக்குப் பின் மிச்ச அயனிகளையும் நீக்குவது) வாங்குங்கள், அல்லது கல்பவளம் வேண்டாம்.

புதிய பவளத்தைக் கட்டாயம் மருந்துநீரில் முக்கி எடுங்கள். ஆனால் அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுவின் முட்டைகள் அதற்குச் சாகாது. முட்டைகள் ஒட்டியிருக்கும் அடிப்பாகத்தை வெட்டியெறிந்துவிட்டு, தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பாருங்கள். யூஃபிலியா, காலக்சியா என்ற கல்பவள வகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். காலக்சியாவின் கொட்டும் இழைகள் இரவில் நீண்டுவந்து அண்டை வீட்டைச் சுட்டுவிடும்.

பவளத்தோடு தொடர்பில்லாததுபோலத் தோன்றினாலும் இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பாறையில் வேண்டாத சோவாந்திட் மொட்டுகள் (பூப்போன்ற சிறு கடலுயிர்கள்) பரவிவிட்டன என்று அந்தப் பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீரும் ஊற்றாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஆவியோடு கலந்து நுரையீரலுக்குள் போய்விடும். இதனால் வீட்டிலிருந்த அனைவரும் மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. பாறையைத் தொடும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து எழுதி, "ராமேஸ்வரத்தில் துண்டு கிடைக்கிறது, வளர்க்கலாமா?" என்று கேட்கும் தம்பிகளுக்கு: கூடாது. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள் 2001இலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. கரையில் ஒதுங்கிய காய்ந்த துண்டைக்கூட எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலில் மூழ்கிவிட்டன. முன்பு அங்கே பவளத்தை வெட்டியெடுத்ததும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். சிங்கப்பூரிலும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதியோடு வந்த பவளத்தை மட்டும் வாங்குங்கள். கடைக்காரரிடம் அதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

டிசம்பர் விடுமுறை வருகிறது; பலர் ஊருக்குப் போவீர்கள். போவதற்கு முன்தினம் எந்தப் புதுக் கருவியையும் மாட்டாதீர்கள், புதுப் பவளமும் வாங்காதீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மருந்துப் பாட்டிலைக் கொடுத்து "மூடி அளவு ஊற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு நாளுக்கும் அளந்து, தனித்தனிப் புட்டிகளில் தேதி எழுதி வையுங்கள். ஆவியாகிக் குறையும் அளவுக்கு நன்னீர்தான் சேர்க்க வேண்டும், உப்புநீர் அல்ல என்பதையும் சம்ப் எனப்படும் துணைத்தொட்டியின் மூடியின்மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.