சூரியன் ஓடுகிறது, பூமி பின்தங்குகிறதா?

சென்னை ராயபுரத்தில் மாலை டியூஷனுக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அப்பாவின் செல்போனை நீட்டினான். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. சூரியன் வால்நட்சத்திரம் மாதிரிப் பாய்கிறது, கோள்கள் அதன் பின்னால் சுருள் சுருளாக இழுபட்டு வருகின்றன. "புக்குல இருக்கிற படம் தப்பாம் சார், மறைச்சிட்டாங்களாம். நெசமா?"

பாதி நிஜம்தான். சூரியன் பால்வழி மண்டலத்தின் மையத்தைச் சுற்றி நொடிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பூமியும் சுற்றிக்கொண்டே கூடப் போவதால் அதன் பாதை சுருள்தான். ஆனால் ஓராண்டில் சூரியன் 700 கோடி கிலோமீட்டருக்கு மேல் போய்விடுகிறது, பூமியின் சுற்றுப்பாதை அகலமோ 30 கோடிதான். 24 சென்டிமீட்டர் நூலில் ஒரு சென்டிமீட்டர் நெளிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் உள்ள நெருக்கமான ஸ்பிரிங் எங்கும் இல்லை.

பெரிய தப்பு, 'இழுபட்டு' என்பதில் இருக்கிறது.

பையனின் அப்பாவுக்குக் காசிமேட்டில் ஃபைபர் படகு இருக்கிறது. அலையில்லாத ஒரு காலையில், துறைமுகத்துக்குள்ளேயே மெதுவாக ஓட்டச் சொன்னோம். வலையில் கட்டும் மிதவையைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட்டதும் கயிறு விறைத்து, மிதவை பின்னாலேயே வந்தது. வீடியோக் கோள்கள் இதே மாதிரிதான். அப்புறம் பையன் படகின் நடுவில் நின்று, ஒரு முழ நூலில் கட்டிய ஈயக்குண்டைத் தலைக்கு மேல் சுற்றினான். குண்டு படகின் முன்முனையான அணியத்துப் பக்கம் போனது, பின்பக்கம் வந்தது, மறுபடி அணியம். அப்பா வேகத்தைக் கூட்டிய அந்தக் கணம் மட்டும் கொஞ்சம் தடுமாறியது. வேகம் நிலைத்ததும் பழைய வட்டம்தான்.

மிதவையைத் தண்ணீர் பிடித்து இழுக்கிறது. ஈயக்குண்டுக்கோ படகின் வேகம் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் இழுத்துப்போக வேண்டியதில்லை. சூரியனும் கோள்களும் சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே வாயு மேகத்தில் பிறந்தவை. அந்த மேகமே ஓடிக்கொண்டிருந்ததுதான், அதனால் வேகம் பிறவியிலேயே வந்துவிட்டது. வழியில் பிடித்திழுக்கும் அளவுக்கு அங்கே எதுவும் இல்லை. பால்வழியின் ஈர்ப்பு பாதையை வளைக்கிறது, சரி. ஆனால் சூரியனையும் பூமியையும் ஏறக்குறைய ஒரே அளவில் வளைக்கிறது. எல்லாமே சேர்ந்து திரும்பும்போது யார் பின்தங்குவது?

ஓடும் படகில் இருப்பவனுக்குக் கரை பின்னால் நகர்வதாகத் தெரிவதை வைத்து, விண்மீன்கள் நகர்வதாகத் தோன்றுவதை ஆரியபட்டர் கி.பி. 499-இலேயே விளக்கிவிட்டார். 2013 நவம்பரில் கிளம்பிய மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை எட்டியதே, அதன் பாதைக் கணக்கில் அந்த 230 கிலோமீட்டரைச் சேர்க்க வேண்டிய தேவையே வரவில்லை. சூரியன் நடுவில் நிற்க, கோள்கள் சுற்றிவரும் பாடப்புத்தகப் படமும் எதையும் மறைக்கவில்லை. அது படகுக்குள் நின்று பார்த்த காட்சி.

அந்த வீடியோவுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர், சனி பின்தங்குவதால்தான் தோஷம் என்று முடிக்கிறார். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். படம் அழகாக இருப்பதால் பிள்ளைகள் நம்புகிறார்கள். சரியான கணக்கோடு, அதே அழகில், தமிழில் ஒரு படம் செய்ய ஆராய்ச்சி நிறுவனங்கள் பணம் ஒதுக்க வேண்டும். ஒரு ராக்கெட் செலவில் அது கடுகளவு.

இன்னொன்று. கோள்கள் சுற்றும் தளம், சூரியன் ஓடும் திசைக்குச் சுமார் 60 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் பூமி ஆண்டில் பாதி நாள் சூரியனுக்கு முன்னாலேயே போகிறது! ஜூன் முதல் டிசம்பர் வரை முன்னால், மீதி நாள் பின்னால். செப்டம்பரில் சுமார் ஏழரைக் கோடி கிலோமீட்டர் முந்தியிருப்போம். அந்த மாத நடுவில், வானம் தெளிந்த ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குக் காசிமேட்டில் வடக்கே திருவொற்றியூர் பக்கம் திரும்பி நின்று, பாதி வானத்துக்குச் சற்று மேலே பாருங்கள். டெனெப் என்ற வெள்ளை விண்மீன் தெரியும். சூரியன் ஓடுவது ஏறக்குறைய அதை நோக்கித்தான். அப்போது நாம் அணியத்தில் இருப்போம்.