பூச்சி நீக்கமும் அன்று, பிழைத்திருத்தமும் அன்று

கணினி இசை பயில்வோருக்காகத் தஞ்சைப் பகுதியில் வழங்கும் பாடக்குறிப்புகளில் 'டிபக்கிங்' (நிரலிலுள்ள கோளாற்றைத் தேடிச் சரிசெய்தல்) என்பது 'பூச்சி நீக்கம்' என்றே தொடர்ந்து எழுதப்பட்டு வருகிறது. சம்பாப் பயிரில் புகையானும் குருத்துப்பூச்சியும் இறங்கும் டெல்டாவில் இத்தொடரைப் படிப்பவருக்கு மருந்துத் தெளிப்பான்தான் நினைவுக்கு வரும். பொறிக் கோளாற்றை 'பக்' (ஆங்கிலத்தில் பூச்சி) என்று எடிசன் 1878ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே எழுதிவிட்டார். ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் சிக்கிய அந்துப்பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டியது 1947இல்தான். ஆகவே அச்சொல் அந்தப் பூச்சியிலிருந்து பிறந்ததும் அன்று.

'டிபக்கிங்'கைப் 'பிழைத்திருத்தம்' என்பதே என் பெரிய மனக்குறை. அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் செய்வது பிழைத்திருத்தம். ஒற்று விட்டுப்போன இடம் அவர் கண்ணெதிரே தாளில் இருக்கிறது. 'ப்யூர் டேட்டா' என்னும் கணினி இசை மென்பொருளுக்காக சி மொழியில் நாமே எழுதும் ஒலிப்பொருளில் (ஒலியை வாங்கிக் கையாண்டு வெளியிடும் சிறு நிரலில்) நிலைமை வேறு. தம்புராவுக்கு ஓர் உள்ளீடு, நாகசுரத்துக்கு ஓர் உள்ளீடு, இரண்டு வெளியீடுகள் என ஒன்றை எழுதுகிறோம் என்று கொள்வோம். அந்த மென்பொருள் ஒலியை 64 மாதிரிகள் (அடுத்தடுத்து எடுத்த ஒலி அளவீடுகள்) கொண்ட கட்டுகளாகத் தருகிறது. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஒரே நினைவக இடத்தையே அது கொடுத்துவிடுவதும் உண்டு. இரண்டாம் உள்ளீட்டைப் படிக்குமுன் முதல் வெளியீட்டை எழுதிவிட்டால், படிக்க வேண்டிய நாகசுரம் அழிந்து, அவ்விடத்தில் தம்புரா ஒலிக்கக்கூடும். நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) எச்சரிக்காது, நிரலும் நிற்காது. ஒவ்வொரு வரியும் தனியே பார்த்தால் சரி, வரிசைதான் தவறு.

இதற்குத் தமிழில் எப்போதோ பெயர் வைத்தாயிற்று. 'அவன் வந்தாள்' என்பதில் இரு சொற்களும் குற்றமற்றவை, சேர்ந்தால் பால்வழு. திணை முதல் மரபு ஈறாக ஏழும் மயங்குவதே வழு என்கிறது நன்னூல். மேலே சொன்ன கோளாறும் இத்தகைய மயக்கமே. ஆகவே 'வழு' என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

'வழுநீக்கம்' என்பாரும் உளர், அது தவறன்று. எனினும், நீக்குவது கடைசி நொடி வேலை. தேடிக் கண்டறிவதே பெரும்பகுதி. வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில் ஒரு கட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1.45 மில்லிவினாடி. மாறியின் மதிப்பைப் பார்க்கவென்று, கட்டின் மாதிரிகளை ஒவ்வொன்றாகக் கையாளும் சுற்றுக்குள் அச்சிடும் கட்டளையை வைத்தால், அதனாலேயே ஒலி வெட்டுப்பட்டு, எது பழைய வழு, எது நாம் புகுத்தியது என்று தெரியாமற் போகும். நெல்லைப் போலவே நிற்கும் குதிரைவாலியைப் பிரித்தறிந்து பிடுங்கும் களையெடுப்பில் காண்பதும் அகற்றுவதும் ஒருங்கே அடங்குவதால், 'வழு களைதல்' என்பதையே நான் தேர்கிறேன். மொழிபெயர்ப்போர் அகராதியைப் புரட்டுமுன் ஒருமுறையேனும் அந்த வேலையைச் செய்து பார்த்திருந்தால் பூச்சியைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

'டிபக்கர்' என்னும் கருவியோ எதையும் களைவதில்லை. நிரலை நிறுத்தி, மாறிகளின் மதிப்பைக் காட்டுகிறது. அதற்கு 'வழுகாட்டி' என்பதே பொருந்தும்.