அணியுணரி: சொல் விளக்கம்

கட்டுமானத் தொழிலாளர் தலைக்கவசத்திலோ மணிக்கட்டிலோ மார்புப் பட்டையிலோ அணிந்திருக்க, அவருடைய இதயத் துடிப்பையும் தோலின் வெப்பத்தையும் உடலசைவையும் வேலை நேரம் முழுவதும் அளந்து அனுப்பும் சிறு கருவியே ‘வேரபிள் சென்சார்’. ‘அணியக்கூடிய உணர்திறன் கருவி’ என்ற நீண்ட தொடரில் மொழிபெயர்ப்பு வாடை வீசுகிறது. ‘அணியுணரி’ போதும்.

சென்சார் என்பதன் வேர், உணர்தல் எனப் பொருள்படும் ‘செந்தீரே’ என்னும் இலத்தீன் வினை. தமிழில் ‘உணர்’ என்பதோடு, இடிதாங்கியிலும் மின்தூக்கியிலும் உள்ள அதே ‘இ’ விகுதி சேர்ந்து ‘உணரி’ ஆயிற்று. இதை ‘உணர்த்தி’ என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உணரி தான் உணர்வது; வெப்பம் மிகும்போது ஒலியெழுப்பித் தொழிலாளரை நிழலுக்கு அனுப்பும் பகுதியே உணர்த்தி.

ஆடையை உடுத்துகிறோம், பூவைச் சூடுகிறோம், நகையைப் பூணுகிறோம். இவை அனைத்துக்கும் பொதுவாக நிற்கும் வினை ‘அணி’. அணியுணரி என்பது வினைத்தொகை. அணிந்த, அணிகின்ற, அணியும் என முக்காலத்தையும் அதுவே தாங்குவதால் ‘கூடிய’ என்ற ஒட்டு வேண்டியதில்லை.

இந்தக் கருவி எதை உணர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மணிக்கட்டுக் கருவி தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்துகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் குருதி பெருகி ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுவதால் திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது; அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணியே நாடி கணிக்கப்படுகிறது. சுத்தியலை ஓங்கி அடிக்கும் கையில் இக்கணக்குத் தடுமாறும். கருவிக்குள் இருந்து அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியோ, அசையாமல் நிற்பவரிடம் புவியீர்ப்பின் அளவான 9.8 மீ/வி² காட்டும். சாரத்திலிருந்து தவறி விழுபவரிடம் ஏறத்தாழச் சுழிக்கு இறங்கி, அவர் தரையில் மோதும் கணத்தில் குபீரென உயரும்.

அதே முடுக்கமானியைக் கொண்டு உற்பத்தித்திறனை அளக்கப் புகும்போதுதான் சொல்லும் பொருளும் விலகுகின்றன. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி அடங்கும்வரை காத்து நிற்கும் கொத்தனார் அதன் கணக்கில் சும்மா நிற்பவர். உணரி அசைவை உணர்கிறதே தவிர வேலையை அன்று.

‘மானிட்டரிங்’ என்பதன் இலத்தீன் வேருக்கு எச்சரித்தல் என்பது பொருள். அதற்கு நாம் வழங்கும் ‘கண்காணிப்பு’ வேறு நினைவைச் சுமப்பது. இலங்கை, மலாயாத் தோட்டங்களில் ஆள் சேர்த்து வேலை வாங்கிய ‘கங்காணி’யும் இதே சொல்லிலிருந்து வந்தவர்தான். ஆகவே நலம் பேணும் பயன்பாட்டை ‘உடல்நிலை அறிதல்’ என்றும் உழைப்பை அளப்பதைக் ‘கண்காணிப்பு’ என்றும் பிரித்தே எழுத வேண்டும், குறிப்பாகத் தொழிலாளரிடம் ஒப்புதல் கேட்டு நீட்டப்படும் படிவத்தில்.