தகர நீக்கம் என்றால் எதை நீக்குவது?

மறுசுழற்சி பற்றித் தமிழில் வரும் கையேடு, பயிற்சிக் குறிப்பு, காணொளி வசனம் எதை எடுத்தாலும் 'தகர நீக்கம்' என்ற சொல் தட்டுப்படுகிறது. ஆங்கிலத்தில் டிடின்னிங் என்பதற்கு இதுதான் தமிழாம். "டப்பாக்களை நசுக்கித் தகர நீக்கத்துக்கு அனுப்ப வேண்டும்" என்று ஒரு வாக்கியம் அண்மையில் கண்ணில் பட்டது. ஆறே சொல், அதில் இரண்டு கோளாறு. 'தகர நீக்கம்' மொழிக் கோளாறு. 'நசுக்கி' வேலைக் கோளாறு. அதன்படி செய்தால் டப்பாவிலிருந்து உலோகம் ஒழுங்காகக் கிடைக்காது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நாம் டின் என்று சொல்லும் உணவு டப்பா டின்னால் ஆனதல்ல. அது எஃகு. சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகட்டின் இருபுறமும் டின் உலோகத்தை, அதாவது வெள்ளீயத்தை, மெல்லிசாகப் பூசியிருப்பார்கள். ஒரு பக்கத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.8 கிராம் என்பது பரவலான அளவு; அரை மைக்ரானுக்கும் குறைவான தடிமன். ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும் என்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. கணக்குப் போட்டால் ஒரு டன் டப்பாவில் வெள்ளீயம் நாலு கிலோகூடத் தேறாது. இருந்தும் அதைப் பிரிக்கிறார்கள். வெள்ளீயம் எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு விலை என்பது ஒரு காரணம். வெள்ளீயம் எஃகோடு சேர்ந்து உருகிவிட்டால் பிறகு அதை வெளியே எடுக்க முடியாது என்பது இன்னொன்று. எஃகு உலையில் வேண்டாத தனிமங்கள் பலவும் ஆக்சைடாகிக் கசடோடு போய்விடும். வெள்ளீயமும் செம்பும் போகாது. அவை மிஞ்சினால், எஃகைச் சூட்டில் உருட்டும்போது மேற்பரப்பில் வெடிப்பு விடும். ஒவ்வொரு சுற்று மறுசுழற்சியிலும் இந்த மிச்சம் கூடிக்கொண்டே போகும்.

ஆக, எஃகின் மேலிருக்கும் வெள்ளீயப் பூச்சை எஃகுக்குச் சேதமில்லாமல் தனியாக எடுப்பதுதான் டிடின்னிங். சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில், ஆக்சிஜனேற்றும் உப்பு ஏதாவது சேர்த்து, டப்பாத் துண்டுகளை ஊறவைப்பார்கள். வெள்ளீயம் சோடியம் ஸ்டானேட் என்ற உப்பாகக் கரைந்து வரும், எஃகு அப்படியே நிற்கும். துண்டுகளையே நேர்மின்வாயாக வைத்து மின்னாற்பகுப்பு செய்வதும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கோல்ட்ஷ்மிட் நிறுவனம் உலர்ந்த குளோரின் வாயுவையே இதற்குப் பயன்படுத்தியது. ஈரமில்லாத குளோரின் குறைந்த வெப்பத்தில் வெள்ளீயத்தைப் பிடித்துக்கொள்ளும், இரும்பைத் தொடாது.

இப்போது சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'டி' என்ற முன்னொட்டு, 'டின்', அவ்வளவுதான். அந்த டின் ஜெர்மானிய மொழிகளுக்கு வெளியே உறவு தெரியாத பழைய சொல். சிக்கல் நம் பக்கம். டின்னுக்குத் தமிழில் ஒன்றுக்கு மூன்று பெயர் உண்டு: தகரம், ஈயம், வெள்ளீயம். மொழிபெயர்ப்பவர் கைக்கு முதலில் அகப்பட்டது தகரம்.

'தகரம் என்றால் வெள்ளீயம் என்று அகராதியிலேயே இருக்கிறதே' என்று சொல்வார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. அகராதிப் பொருளை வைத்துத்தான் சொல்லைத் தேர்வது என்றால், சங்கப் பாட்டில் தகரம் என்பது முடிக்குப் பூசும் மணப்பொருள். அதையும் சேர்த்துக்கொள்ளலாமே! இன்று தமிழ் பேசுகிறவர் தகரம் என்றால் எதை நினைக்கிறார்? தகட்டை நினைக்கிறார். தகர டப்பா, தகரக் கதவு, தகரக் கொட்டகை. கொட்டகைமேல் போடும் அந்த நெளிதகட்டில் வெள்ளீயம் துளிகூடக் கிடையாது. அதில் பூசியிருப்பது துத்தநாகம். பூச்சு எதுவாக இருந்தாலும், மெல்லிய இரும்புத் தகடு என்றால் நமக்குத் தகரம்தான். பூச்சின் பெயர் தகட்டுக்கு வந்துவிட்டது, பூச்சு மறந்துபோய்விட்டது. மொழியில் இது நடக்கிற காரியம்தான், குற்றமில்லை. இன்றைய வழக்கில் 'தகர நீக்கம்' என்றால் தகட்டை நீக்குவது. தகட்டை நீக்கிவிட்டால் டப்பாவில் மிஞ்சுவது சுற்றி ஒட்டிய காகிதமும் அடியில் காய்ந்த சோறுகறியும்தான்.

இதைச் சொன்னால் சிலர் 'சரி, ஈய நீக்கம் என்று வைத்துக்கொள்வோம்' என்கிறார்கள். இது அதைவிட மோசம். ஈயம் பூசுதல் என்ற பழைய தொழிற்பெயரில் ஈயம் என்பது வெள்ளீயம்தான், அதனால் அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் தெரிகிறது. பேச்சில் அது சரி. எழுத்தில், அதுவும் அறிவியல் எழுத்தில், வெறும் ஈயம் என்றால் இப்போது காரீயம். நச்சு உலோகம், மின்கலத்தில் இருப்பது. பெயிண்டில் ஈயம், குழாய் நீரில் ஈயம் என்று செய்தி படிக்கிற கண்ணுக்கு 'டப்பாவிலிருந்து ஈய நீக்கம்' என்று காட்டினால் என்ன தோன்றும்? டப்பாவில் நஞ்சு இருக்கிறது, அதை எடுக்கிறார்கள் என்றே தோன்றும். இதில் இன்னொரு குழப்பமும் சேரும். பழைய டப்பாக்களின் பக்கத் தையலை, அதாவது தகட்டின் இரண்டு விளிம்பும் சேரும் இடத்தை, ஈயப் பற்றாசால்தான் (சால்டர்) ஒட்டினார்கள். அமெரிக்காவில் உணவு டப்பாவில் அதை 1995இல் தடை செய்தார்கள். இன்றைய தையல் மின்பற்றவைப்பு. இந்த வரலாறு அரைகுறையாகத் தெரிந்தவர் 'ஈய நீக்கம்' என்பதைப் பார்த்து, பற்றாசு எடுக்கும் வேலை என்று முழு நம்பிக்கையோடு தப்பாகப் புரிந்துகொள்வார். புரியாமல் போகிற சொல்லைவிட, தப்பாகப் புரிகிற சொல் ஆபத்தானது.

வெள்ளை, கருப்பு என்று அடைமொழி போட்டு இந்த இரண்டு உலோகத்தையும் பிரித்தது நாம் மட்டுமல்ல. ரோமானியரும் காரீயத்தை ப்ளம்பம் நிக்ரம் என்றும் வெள்ளீயத்தை ப்ளம்பம் ஆல்பம் என்றும் சொன்னார்கள். நேர்ப் பொருள் கருப்பு ஈயம், வெள்ளை ஈயம். பிற்காலத்தில் வெள்ளீயத்துக்கு வந்த ஸ்டானம் என்ற பெயரும் முதலில் வெள்ளியும் காரீயமும் கலந்த கலவையைக் குறித்ததுதான். உலகமெங்கும் இந்தப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. நமக்கு வெள்ளீயம் என்று ஐயத்துக்கே இடமில்லாத ஒரு சொல் பாடநூலிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்து மல்லுக்கட்டுவானேன்?

அடுத்து 'நீக்கம்'. எனக்கு இதன்மேல்தான் அதிகக் கோபம். ஆங்கிலச் சொல்லின் முன்னால் 'டி' என்று பார்த்தவுடன் நீக்கம் என்று ஒட்டிவிடும் பழக்கம் நம் கலைச்சொல்லாக்கத்தில் ஊறிவிட்டது. நீக்கம் என்றால் வேண்டாததை விலக்குவது. உப்பு நீக்கம் சரி, நமக்கு நீர்தான் வேண்டும். கறை நீக்கம் சரி, கறையை யாரும் பத்திரப்படுத்தப் போவதில்லை. இங்கே எடுத்த வெள்ளீயத்தை யாரும் கொட்டுவதில்லை. ஸ்டானேட் கரைசலை மின்னாற்பகுத்து மறுபடி உலோகமாக்கி விற்கிறார்கள். இரண்டு பொருளும் வேண்டும், இரண்டும் பிரிய வேண்டும். அதற்குத் தமிழில் பிரித்தெடுத்தல் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சொல் இருக்கிறது. வெள்ளீயம் பிரித்தெடுத்தல். நீளம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நாலு எழுத்து மிச்சம் பிடித்து நாலு பேரைக் குழப்புவதைவிட நீளம் தேவலை. தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'வெள்ளீயக் களைவு' என்றார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் களைவதும் வயல் களையைப் பிடுங்கி எறிவதுதான். அதே கோளாறு செந்தமிழில். 'உரித்தல்' என்றும் ஒருவர் சொன்னார். அது கத்தி வைத்துச் செதுக்குவதுபோல ஒலிக்கிறது. அரை மைக்ரான் பூச்சை எந்தக் கத்தி உரிக்கும்?

இனி அந்த 'நசுக்கி'. டப்பாவை இயந்திரத்தில் கிழிக்கும் ஷ்ரெட்டிங் என்பதற்குப் பலர் போடுவது நசுக்குதல், நொறுக்குதல், துருவுதல், துகளாக்குதல். இதில் நசுக்குதல் எப்படிக் கெடுக்கிறது என்று பார்க்க ஒரு டப்பாவைக் காலால் மிதித்தாலே போதும். இரண்டு சுவரும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே மடித்துவிட்ட மூடி நடுவில் சிக்கும். அடியில் ஒட்டிய எண்ணெயோ சாறோ மடிப்புக்குள் அடைபடும். பூச்சோ உள்ளேயும் வெளியேயும் இருக்கிறது. காஸ்டிக் கரைசல் வெளிப்பக்கத்தை மட்டும் நக்கிவிட்டுத் திரும்பி வந்துவிடும். நசுக்கிய டப்பாக்களை இறுக்கிக் கட்டிய பேலை (பெரிய கட்டை) தொட்டியில் இறக்கினாலும் இதே கதைதான். ஷ்ரெட்டர் செய்வது நேர்மாறான வேலை: டப்பாவைக் கிழித்துத் திறந்து, உட்புறம் வெளியே தெரியும்படி துண்டாக்குகிறது. காகிதமும் ஒட்டிய உணவும் அப்போதே உதிர ஆரம்பிக்கும். அதனால்தான் கிழித்துத் துண்டாக்குதல் என்கிறேன்.

துகளாக்குதலும் ஆகாது. சுத்தியல் ஆலையில் அளவுக்கு மீறி அடித்தால் மெல்லிய தகடு சுருண்டு உருண்டையாகிவிடும். உருண்டைக்குள் மறுபடியும் பூச்சு மறைந்துகொள்ளும். வேண்டியது விரிந்த துண்டு. துருவல் என்று எழுதியவரைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, தேங்காய் ஞாபகம்.

கிழிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பொதுவாக யாரும் எழுதுவதில்லை. இழுத்துத் திறக்கும் மூடியுள்ள சில டப்பாக்களில் உடல் எஃகு, மூடி அலுமினியம். முழு டப்பாவைக் காந்தத்தின் அடியில் விட்டால் எஃகு உடல் அலுமினிய மூடியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கிழித்துத் தனித்தனியாக்கினால்தான் காந்தம் எஃகை எடுக்கும், அலுமினியம் கீழே விழும். விழாமல் காஸ்டிக் தொட்டிக்குள் போனால் அலுமினியம் தானும் கரைந்து, காரத்தையும் தின்று, ஹைட்ரஜனை வேறு கிளப்பும்; தீப்பிடிக்கும் வாயு. கிழி, காந்தத்தில் பிரி, பிறகு ஊறவை என்ற வரிசை இப்படி வந்ததுதான். 'நசுக்கித் தகர நீக்கத்துக்கு அனுப்பு' என்று எழுதியவர் இந்த வரிசையை மனதில் ஓட்டிப் பார்த்திருந்தால் அந்த வாக்கியம் வந்தே இருக்காது. சொல்லை மட்டும் பெயர்க்கிறார்கள், வேலையைப் பார்ப்பதில்லை. இயந்திரத்தை ஒரு தடவை நேரில் பாருங்கள் என்றால், கெடு நாளைக்கு என்கிறார்கள்.

'எரித்துத் தூய்மையாக்குதல்' என்றும் சில குறிப்புகளில் பார்க்கிறேன். காகிதமும் டப்பாவின் உள்ளே பூசிய வார்னிஷும் எரியும், உண்மை. வெள்ளீயம் உருகுவது 232 டிகிரி செல்சியஸில். தீயில் போட்ட டப்பாவில் அது உருகி இரும்போடு கலந்து உலோகக் கலவை ஆகிவிடும், பிறகு பிரிப்பது பெரும்பாடு. இந்த வேலையில் அதைத் தூய்மையாக்குதல் என்று சொல்வது ஏமாற்று.

நசுக்குதல் எங்கேயும் கூடாது என்று சொல்லவில்லை. வெள்ளீயத்தைப் பிரிக்காமல் டப்பாவை நேரே எஃகு உலைக்கு அனுப்புவதும் பரவலாக நடக்கிறது. பூச்சு முன்பைவிட மெலிந்துவிட்டதால், மற்றக் கழிவு இரும்போடு கொஞ்சமாகக் கலந்தால் உலை தாங்கிக்கொள்ளும். அதற்குக் கிழிக்கத் தேவையில்லை. நசுக்கிப் பேல் கட்டி ஏற்றினால் வண்டிச் செலவு மிச்சம். அங்கே நசுக்குதல் என்பதுதான் சரியான சொல். எந்த வழிக்குத் தயார் செய்கிறோம் என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் விட வேடிக்கை ஒன்று உண்டு. வெள்ளீயத்துக்குப் பதில் மெல்லிய குரோமியம் பூசிய எஃகிலும் டப்பா மூடிகள், அடிப்பாகங்கள் செய்கிறார்கள். தொழிலில் அதற்கு டின் ஃப்ரீ ஸ்டீல் என்று பெயர். ஒரு சொற்பட்டியலில் அதைத் 'தகரமற்ற எஃகு' என்று போட்டிருந்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் அசல் தகரம்! தகரமற்ற தகரம். குரோமியம் பூசிய எஃகு என்று எழுதியிருந்தால் முடிந்தது. இதையும் காந்தம் இழுக்கும், அதனால் கிழித்த துண்டுகளோடு கலந்து தொட்டிக்குப் போய்விடும். அதில் பிரித்தெடுக்க வெள்ளீயம் இல்லை என்பதால் எஃகாகவே வெளியே வரும்.